வடக்குச் சுவருக்குள் ஐந்து மரநுனிகள்

மூன்றாவது விட்டத்தின் வடக்கு நுனியில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. மரம் நல்ல தேக்கு. 6 அங்குல அகலம், 9 அங்குல உயரம். வெளியே பழுப்புப் பெயின்ட் பளபளவென்று இருக்கிறது, உள்ளே ஈரமான டீத்தூள் மாதிரி பொடி. ஏணியின் மேல் நின்றபடியே நான்காவது விட்டத்தையும் குத்திப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த உபதேசியார், "என்னப்பா, சும்மாவே நிக்கிற?" என்று கேட்டார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அந்த விட்டத்துக்கு நேர் கீழேதான் சற்று முன்பு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்து பாடியிருந்தார்கள்.

ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் இறங்கி உள்ளே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் ஊர். நான் காட்பாடியில் இருக்கிறேன். கட்டட வரைபடம் போடுவதும் வேலை மேற்பார்வை பார்ப்பதும் என் தொழில். ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் ஒழுகுகிறது, வந்து பார் என்று சபைக் கமிட்டியிலிருந்து கூப்பிட்டபோது நாலு ஓடு மாற்றினால் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் போனேன். அந்த வேலை ஜனவரி முதல் வாரத்தில் தொடங்கி குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளிவரை இழுத்தது.

கோயில் பெரியதில்லை. உள் அகலம் 20 அடி, நீளம் 48 அடி. மேற்கே வாசல், கிழக்கே பீடம். சுவர் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. ஜன்னல்களுக்குக் கூர்வளைவு. மேற்குக் கூம்புச் சுவரில் வட்டமாக ஒரு காற்றுத் துவாரம். கூரை முழுக்க மரம். குறுக்கே ஐந்து டிரஸ்கள், அதாவது விட்டமும் கைமரங்களும் சேர்த்துக் கோத்த முக்கோணச் சட்டங்கள், அவற்றின் மேல் நீளச் சட்டங்கள், அதன் மேல் சின்னக் கைமரங்கள், ரீப்பர், கடைசியாக மங்களூர் ஓடு. பீடக் கிராதியும் வாசல் கதவும்கூடத் தேக்குதான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த படகின் உட்புறம் மாதிரி தெரியும். சின்ன வயதில் பிரசங்கம் நீளும்போதெல்லாம் நான் எண்ணிக்கொண்டிருந்தது அந்த மரங்களைத்தான். சாய்வு முட்டுகள் மொத்தம் பத்து.

எங்கள் சபையில் மிக மூத்த பாட்டி ஒருவர் இருக்கிறார். வார நாளில் இதே கட்டடத்தில்தான் அவர் ஒன்றாம் வகுப்பு படித்தார். "அப்ப காலனியில எல்லாம் கூர வீடுதான் கண்ணு. ஓடு போட்டது கோயிலு ஒண்ணுதான். மழ பெய்ஞ்சா எல்லாரும் பாயச் சுருட்டிக்கினு இங்கதான் ஓடியாருவோம்" என்றார். வட ஆற்காட்டில் பல ஊர்களுக்கு இதே கதைதான். 1853ல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் ஊர் ஊராகப் பள்ளிக்கூடமும் ஜெபவீடும் வைத்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு சபைகள் பெருகின. நாள் கிழமையில் பள்ளி, ஞாயிறில் ஆராதனை, இரண்டுக்கும் ஒரே கூரை. 1947 செப்டம்பர் 27ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்தச் சபைகள் அதில் சேர்ந்தன. 1976ல் வேலூர் தனிப் பேராயமானது. ஆட்சி, பெயர், மாவட்டம் எல்லாம் மாறியும் இந்தத் தேக்கு நின்றது. அதனால்தான் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனபோது எனக்கு அவ்வளவு வலித்தது. இத்தனை காலம் நின்ற மரம் ஏன் இப்போது மட்டும் மக்கியது?

பதில் சுவரில் இருந்தது.

சுமார் பதினைந்து வருஷத்துக்கு முன் சபையார் வரி பிரித்துக் கோயிலைப் புதுப்பித்தார்கள். வேலை எடுத்த காண்ட்ராக்டர் மூன்று காரியம் செய்தார். உதிர்கிறது என்று வடக்குச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சை உரித்துவிட்டு உள்ளும் புறமும் சிமென்ட் பூசினார். பிவிசி தண்ணீர்க்குழாய் மாட்டுவதற்காக, சுவருக்கு வெளியே 2 அடி நீட்டிக்கொண்டிருந்த கைமர வால்களை 9 அங்குலத்துக்கு அறுத்தார். விட்டங்களின் நுனி சுவருக்குள் உட்காரும் இடத்தில் இருந்த சந்துகளை, எலியும் வௌவாலும் வருகிறது என்று சிமென்ட் வைத்து அடைத்தார். மூன்றும் அக்கறையோடு செய்ததுதான், பார்வைக்கு அழகாகவும் இருந்தது. ஆனால் மூன்றும் சேர்ந்து மரத்தைக் கொன்றுவிட்டன.

பக்கத்தில் புளியமரம் இருக்கிறது. குழாயில் புளிய இலை அடைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும்போது குழாய் வழிந்து தண்ணீர் நேராகச் சுவரில் இறங்கும். சிமென்ட் பூச்சில் மயிரளவு வெடிப்புகள் இருந்தன. அதன் வழியே போன தண்ணீரால் திரும்பி வெளியே வர முடியவில்லை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். சிமென்ட் குடிக்கத் தெரிந்த அளவுக்கு விடத் தெரியாதது. போதாததற்கு, மழை முடிந்த மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், வடக்குச் சுவரில் வெயிலே படாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்த அந்த மழைக்காலத்துக்குப் பிறகு வடக்குச் சுவர் பொங்கல்வரைக்கும் காயவில்லை என்று கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சொன்னார். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மக்க வைக்கும் பூஞ்சை வளராது. ஈரமானி வைத்துப் பார்த்தேன். தெற்குச் சுவரோர விட்டங்களில் 12, 13 காட்டியது. வடக்கே மூன்றாவது விட்டத்தில் 27.

ஐந்து நுனிகளின் நிலையும் ஒரே மாதிரி இல்லை. முதலாவது நலமாக இருந்தது. இரண்டாவதில் மேல்தோல் மட்டும். மூன்றாவது சுவரிலிருந்து 14 அங்குலம்வரைக்கும் போய்விட்டது, நான்காவது 20 அங்குலம். ஐந்தாவதில் வெளி முனை 2 அங்குலம் மெதுத்திருந்தது. 4 மில்லிமீட்டர் துளைக்கம்பியால் துளைத்து, வெளியே வரும் தூளைக் கையில் பிடித்துப் பார்த்துத்தான் இதைக் குறித்தேன். நல்ல தேக்கு சுருள் சுருளாக வரும், எண்ணெய் வாசம் அடிக்கும். மக்கியது மாவாகக் கொட்டும், காளான் நாற்றம் வரும்.

கமிட்டியில் பேச்சு பலவிதமாகப் போனது. எல்லாவற்றையும் பிரித்துவிட்டு இரும்பு டிரஸ்ஸும் கலர் தகடும் போட்டுவிடலாம் என்றார்கள் சிலர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. செலவும் குறைவு, பதினைந்து நாளில் முடிந்துவிடும். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து பாருங்கள் என்றுதான் நான் சொன்னேன். வேலூர்ப் பக்கம் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பொருளாளர் எனக்கு மாமா முறை. அவருடைய யோசனை வேறு: "ஒவ்வொரு நடுக்கம்பத்துக்குக் கீழயும் ஒரு தூண் எழுப்பிடுப்பா. பாரம் முழுக்க அதுலதான நிக்குது."

பார்த்தால் அப்படித்தான் தோன்றும். விட்டத்தின் நடுவில் நிமிர்ந்து நிற்கிறது கம்பம், உச்சியில் இரண்டு பெரிய கைமரங்களும் அதில் வந்து சேர்கின்றன. கூரை முழுவதையும் அது தலையில் சுமக்கிறது என்றுதான் நானும் டிப்ளமோ படிக்கும்வரை நினைத்திருந்தேன்.

ஆரணிப் பக்கத்திலிருந்து ஆசாரியார் ஒருவரை அழைத்து வந்திருந்தேன். எழுபதைத் தாண்டியவர். கோயில் தேர்களுக்குச் சக்கரமும் அச்சும் மாற்றிய கை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கொஞ்ச நேரம் யாரோடும் பேசவில்லை. முதல் டிரஸ்ஸுக்குக் கீழே சாரம் போட்டுக் கொடுத்ததும் ஏறி, நடுக்கம்பத்தின் அடியை விரலால் தடவினார். பையிலிருந்து ஆக்சா பிளேடு ஒன்றை எடுத்து, கம்பத்தின் அடிக்கும் விட்டத்தின் மேல்முகத்துக்கும் நடுவே செருகினார். பிளேடு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது.

"மேல வாங்க சார்" என்று மாமாவைக் கூப்பிட்டார். மாமா ஏறினார். "பாருங்க. பிளேடு போவுது. அப்ப இது விட்டத்து மேல நிக்கல. இந்தக் கம்பம் தாங்கல சார், தூக்குது."

அதுதான் இந்தக் கூரையின் சூட்சுமம். ஓட்டின் பாரம் இரண்டு பெரிய கைமரங்கள் வழியே சுவருக்கு இறங்குகிறது. இறங்கும்போது கைமரங்களின் கால்கள் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். விரியவிடாமல் இரண்டு காலையும் கட்டி இழுத்துப் பிடிப்பது விட்டம். அதாவது விட்டம் இங்கே பாரம் சுமக்கும் தூலம் இல்லை, இறுக்கிக் கட்டிய கயிறு. 20 அடி நீளக் கயிறு நடுவில் தொய்யும் அல்லவா? அதைத் தொய்யவிடாமல் மேலிருந்து தொங்கவிட்டுப் பிடிப்பதுதான் நடுக்கம்பம். கம்பத்தின் தலை, இரண்டு கைமரங்களுக்கு நடுவே ஆப்பு மாதிரி அகன்று சிக்கியிருக்கிறது. அடியில் ஒரு இரும்புப் பட்டை விட்டத்தைக் கீழே சுற்றி வளைத்துக் கம்பத்தோடு சேர்த்துப் பிடிக்கிறது. பட்டையில் ஒரு துவாரம், அதில் எதிரெதிராக இரண்டு இரும்பு ஆப்புகள். ஆப்பைத் தட்டினால் பட்டை ஏறும், விட்டம் நூலளவு மேலே வரும். கம்பத்தின் அடியிலிருந்து இரண்டு பக்கமும் கிளம்பும் சாய்வு முட்டுகள் கைமரத்தின் நடுவயிற்றைத் தாங்குகின்றன. எதுவும் அலங்காரத்துக்கு இல்லை. அடியில் தூண் எழுப்பியிருந்தால் தூண் கம்பத்தை மேலே தள்ளி, உச்சியில் கழுந்து (செருகு முனை) பிளந்திருக்கும். மாமா இறங்கி வந்து, "அப்ப தூண் வேணாம்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு கமிட்டியில் எனக்காக வாதாடியவர் அவர்தான்.

இங்கிலாந்துக்காரர்களின் கட்டடப் புத்தகங்களில் இந்த வகைக்கு ராஜ கம்பம் என்று பொருள்படும் பெயர். 20 முதல் 30 அடி அகலத்துக்குத் தோது என்று போட்டிருக்கும். முறை அங்கிருந்து வந்தது. கை எங்கிருந்து வந்தது என்பது பெயின்ட்டைச் சுரண்டியபோது தெரிந்தது. ஒவ்வொரு பொருத்துக்குப் பக்கத்திலும் அரை அங்குலத்தில் உளிக் குறி. முதலில் கீறல் என்று நினைத்தேன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் எழுத்தானது: ௧, ௨, ௩, ௪, ௫. தமிழ் எண்கள். தரையில் வைத்து அறுத்து, பொருத்திப் பார்த்து, எண் போட்டு, பிரித்து மேலே ஏற்றிக் கோத்திருக்கிறார்கள். வடக்குப் பக்க மரங்களில் எண்ணுக்குக் கீழே கூடுதலாக ஒரு கோடு. ஆசாரியார் நான்காவது விட்டத்தின் முட்டில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இன்னா தம்பி இது, நாலுல மூணு உக்காந்துக்கினு கீது." ஆமாம். மூன்றாவதிலும் நான்காவதிலும் வடக்கு முட்டுகள் இடம் மாறியிருந்தன. எப்போதோ ஒரு பழுதுபார்ப்பில் கழற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பொருத்தின் தோளில் கால் அங்குலம் இடைவெளி விழுந்திருந்தது. அதில் தகர டப்பாவை மடித்து அடைத்திருந்தார்கள். இந்த முறை எழுத்துப்படி அதனதன் இடத்தில் வைத்தோம். முட்டு தன் பழைய பொளியில் (வெட்டுப் பள்ளத்தில்) போய் உட்கார்ந்தபோது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஆசாரியார் கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு அந்த எண்ணைக் கட்டைவிரலால் ஒரு தரம் தடவினார்.

முதலில் ஓடு இறக்கினோம். ஏறத்தாழ 1,900 ஓடு. சபை வாலிபர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிப் புளியமரத்தடியில் அடுக்கினார்கள். அடுக்கும்போதுதான் அடுத்த விஷயம். ஓட்டின் அடிப்பக்கத்தில் எழுத்து இருக்கிறது: பாசல் மிஷன் டைல் ஒர்க்ஸ், 1865. ஊரில் ஏற்கெனவே பேர்ப்பலகையில் "நிறுவியது 1865" என்று எழுதியிருக்கிறது. யாரோ ஒரு காலத்தில் ஓட்டைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் அந்த வருஷம் கோயிலுடையது இல்லை, தொழிற்சாலையுடையது. 1865ல் மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானிய மிஷனரி இந்த ஓட்டைச் செய்யத் தொடங்கினார். பிறகு வார்த்த ஓட்டிலும் அதே வருஷத்தை முத்திரையாக வைத்தார்கள். முதல் உலகப் போரில் அந்த மிஷனின் சொத்துகள் பறிபோய், ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயருக்கு மாறின. ஆகவே ஓடு 1865க்கும் அந்தப் போருக்கும் இடையில் எப்போதோ செய்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான். எங்கள் பக்கத்துக்கு ஓடு எப்படி வந்திருக்கும் என்று யோசித்தால் ரயில்தான் பொருந்துகிறது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் 1856லேயே, தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்துவிட்டது. சில வருஷங்களில் பாதை மேற்குக் கடற்கரையைத் தொட்டது. மேற்கே வார்த்த ஓடு வாலாஜா ரோட்டில் இறங்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் பாலாற்று மணலைக் கடந்திருக்கும்.

இதைச் சொன்னபோது பெரியவர்கள் சிலருக்கு முகம் வாடிவிட்டது. வருஷத்தைப் பிடுங்கிக்கொண்டேன் என்று தோன்றியிருக்கும். பலகையை எப்படி எழுதுவது என்று அவர்களிடமே விட்டுவிட்டேன். புதிதாக எழுதும்போது வருஷத்தைப் போடவில்லை. முத்திரை தெளிவாக இருந்த, மூலை உடைந்த ஓடு ஒன்றை உள்சுவரில் பதித்திருக்கிறார்கள். பிள்ளைகள் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள்.

இனி அறுத்த கதை. ஓட்டை இறக்கியதுமே பாரத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆனாலும் விட்டத்தை அறுத்தால் கயிற்றை அறுத்த மாதிரி, இரண்டு கைமரமும் சுவரை வெளியே தள்ளும். ஆகவே அறுப்பதற்கு முன் இரண்டு கைமரக் காலையும் எஃகு வடம் போட்டுக் குறுக்கே கட்டி, திருகு முடுக்கியால் இறுக்கினோம். விட்டத்துக்குக் கீழே, சுவரிலிருந்து நாலடி தள்ளி, இரட்டைச் சவுக்குக் கட்டை முட்டும் ஜாக்கியும். ஜாக்கியை ஒரே மூச்சில் ஏற்றக் கூடாது. நான் முதல் நாள் அவசரப்பட்டு 10 மில்லிமீட்டர் ஏற்றிவிட்டேன். கூம்புச் சுவரோரம் பூச்சில் படபடவென்று வெடிப்பு ஓடியது. உடனே இறக்கினோம். பிறகு காலையில் 2 மில்லிமீட்டர், மாலையில் 2 மில்லிமீட்டர் என்று மூன்று நாள் எடுத்துக்கொண்டோம். தூக்குக்குண்டு நூலைச் சுவரில் தொங்கவிட்டு மணிக்கொரு தரம் அளந்தேன்.

புது நுனிக்குப் புது மரம் வாங்கவில்லை. வேலூரில் பழைய வீடு பிரித்த மரம் விற்கும் இடத்தில் தேடி 14 கன அடி ரங்கூன் தேக்கு வாங்கினோம். வருஷக் கணக்காகக் காய்ந்த மரம், இனிமேல் சுருங்காது. பச்சைத் தேக்கை வைத்து இழைத்திருந்தால் ஆறு மாதத்தில் பொருத்து வாய் பிளந்திருக்கும். ஆசாரியார் ஒவ்வொரு துண்டையும் நுனியில் நாக்கால் தொட்டுப் பார்த்தார், தட்டிக் காது வைத்துக் கேட்டார். வெள்ளைப் பகுதி ஒட்டிக்கொண்டிருந்த மரத்தையெல்லாம் தள்ளி வைத்துவிட்டார். "வைரம் மட்டும்தான் சுவத்துக்குள்ள போவணும்."

பழைய விட்டத்தையும் புது நுனியையும் இணைத்தது கொக்கிப் பொருத்து. இரண்டு மரத்தையும் சாய்வாக அறுத்து, நடுவில் ஒன்றின் பல் இன்னொன்றின் பல்லைக் கவ்வும்படி செதுக்கி, நடுச் சந்தில் எதிரெதிராக இரண்டு ஆப்பு அடிப்பது. இழுக்க இழுக்க இறுகும். விட்டம் இழுபடுகிற மரம் என்பதால் வெறும் சாய்வு ஒட்டு போதாது. வேலூரில் இருக்கும் கட்டமைப்புப் பொறியாளர் நண்பர் கணக்குப் போட்டு, பொருத்தின் நீளம் 36 அங்குலம் வேண்டும், இரண்டு பக்கமும் எஃகுத் தகடு வைத்து ஆறு போல்ட்டு முடுக்க வேண்டும் என்றார். ஆசாரியாருக்குத் தகடு பிடிக்கவில்லை. தேருக்கு இரும்புப் பட்டா போடுவதில்லையா ஐயா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, ஆனால் மரவேலை மட்டுமே தனியாகத் தாங்கும்படி நான் செய்வேன், அதற்கு மேல் நீங்கள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்படியே செய்தார். ஒரு பொருத்துக்கு நாலு நாள். கரி தடவி வைத்துப் பார்ப்பார், கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் ஒரு சீவல் எடுப்பார், மறுபடி கரி. கடைசியில் இரண்டு முகமும் சேர்ந்த கோட்டில் சிகரெட் அட்டைத் தாளைச் செருகிப் பார்த்தேன். போகவில்லை.

கைமரக் கால் உட்காரும் பொளியைப் புது நுனியில் வெட்டும்போது ஒரு கவனம் வேண்டும். பொளிக்கு அப்பால், சுவர்ப் பக்கம், மரம் போதிய நீளம் மிச்சம் இருக்க வேண்டும். கைமரம் தள்ளும்போது அந்த மிச்ச மரம்தான் நார் பிளக்காமல் எதிர்த்து நிற்கிறது. பழைய ஆசாரிகள் 12 அங்குலம் விட்டிருந்தார்கள். நாங்களும் அதே 12.

மரத்தைச் சுவருக்குள் விடுவதற்கு முன் போரிக் ஆசிட் 1 பங்கு, போராக்ஸ் 1½ பங்கு கலந்த கரைசலைச் சூடாக நாலு தரம் பூசினோம். பழைய நல்ல பாகத்துக்கும்தான். நன்றாகக் காய்ந்ததும் அடிமுகத்துக்கும் பக்கத்துக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய். கையில் பட்டால் தோல் வெந்துவிடும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அறுத்த தலைமுகத்தில் மட்டும் எண்ணெய் பூசவில்லை. மரம் ஈரத்தை விடுவது அந்த வழியாகத்தான்.

சுவர்க் குழியில் மரத்துக்கு அடியில் கருங்கல் பலகை ஒன்று பழையபடியே இருந்தது. அதை எடுக்கவில்லை. மரத்தின் இரண்டு பக்கமும் மேலும் பின்னும் ஒரு அங்குலம் காலியாக விட்டு, வெளிச்சுவரில் ஒவ்வொரு நுனிக்கும் நேராக 3 அங்குலத் துவாரம், எலிக்கு வலை. நார்வேயில் போர்குண்ட் என்ற இடத்தில் முழுக்க மரத்தாலேயே ஆன கிராமக் கோயில் ஒன்று 12ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து நிற்கிறது. அதற்கு முந்தைய தலைமுறைக் கோயில்களில் தூண்களை மண்ணில் புதைத்திருந்தார்கள், அவை அடி மக்கி விழுந்துவிட்டன. இதிலோ அடிச்சட்டத்தைக் கல்லின் மேல் தூக்கி வைத்து, மரத்துக்குத் தார் பூசிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நம் ஊர்த் திண்ணைத் தூணுக்கு அடியில் கல் பாதம் வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். பனியில் வாழ்கிறவனும் வெயிலில் வாழ்கிறவனும் மரத்தைப் பற்றி ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். நனைவதைப் பற்றி மரத்துக்குக் கவலை இல்லை, காய விடாமல் வைத்தால்தான் அது சாகிறது.

சிமென்ட் பூச்சை உடைத்தெடுக்க மேஸ்திரியும் இரண்டு ஆளும் பதினொரு நாள் எடுத்தார்கள். மிஷின் போட்டால் பழைய செங்கல்லும் சேர்ந்து உதிரும் என்று கைஉளிதான். பின்னாலிருந்த செங்கல் கருத்து, உப்புப் பூத்திருந்தது. மூன்று வாரம் அப்படியே காற்றாட விட்டோம். இந்த மூன்று வாரம் பூசாமல் வைத்திருப்பதுதான் எல்லோருக்கும் பொறுக்கவில்லை. தினம் யாராவது கேட்டார்கள். அதற்குள் சுண்ணாம்பைத் தொட்டியில் தாளித்து ஊற வைத்திருந்தோம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த ஆற்று மணல். கடுக்காயைத் தட்டி, வெல்லத்தோடு சேர்த்துத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளித்ததும் வடிகட்டி, அந்தத் தண்ணீரைத்தான் குழைப்பதற்கு ஊற்றினோம். இரண்டு கை பூச்சு. நனைத்த கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு ஈரம் காத்தோம். இந்த வேலையில் சபைப் பெண்கள் முறை போட்டுக்கொண்டார்கள். விடிகாலையிலும் வெயில் தாழ்ந்த பின்னும் குடத்தோடு வந்து சாக்கை நனைத்துவிட்டுப் போவார்கள். அந்த நாட்களில் ஆராதனை புளியமரத்தடியில் ஷாமியானா போட்டு நடந்தது.

கைமர வால்களுக்கு ஒட்டுப் போட்டு மறுபடி 2 அடி நீட்டினோம். தண்ணீர்க்குழாய் மாட்டவில்லை. தண்ணீர் நேராகக் கீழே விழட்டும், விழும் இடத்தில் சரளை போட்டு வாட்டம் கொடுத்தோம். இரும்புப் பட்டைகளின் ஆப்புகளை ஐந்து டிரஸ்ஸிலும் தட்டி இறுக்கியபோது விட்டங்கள் நடுவில் 3, 4 மில்லிமீட்டர் ஏறின. ஓட்டில் 1,500க்குச் சற்று மேல் திரும்ப ஏற்ற முடிந்தது. பற்றாக்குறைக்குப் பழைய ஓடு வாங்கி, வாசலுக்குத் தெரியாத பின்பக்கத்தில் போட்டோம். மொத்தச் செலவு 4,86,000 ரூபாய். பாதிக்கு மேல் இரண்டு வருஷத்து அறுப்பின் பண்டிகை ஏலப் பணம். பூசணிக்காயையும் சேவலையும் ஒன்றுக்கு ஐந்தாக ஏலம் எடுத்தவர்களின் பணம் அது. மரம் மட்டும் 62,000. ஆசாரியார் கடைசி வாரக் கூலியை வாங்கவில்லை. எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை.

போன ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் அடித்த மழைக்கு மறுநாள் ஈரமானியோடு ஏறினேன். வடக்கு நுனிகள் வரிசையாக: 13, 14, 15, 15, 19. ஐந்தாவது ஏன் 19 என்று புரியவில்லை. வெளியே ஏணி போட்டுப் பார்த்தால் வலையை மூடி மண்குளவி கூடு கட்டியிருந்தது. கூட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்து 15. ஆடியிலும் கார்த்திகையிலும் துவாரங்களைப் பார்க்கும் வேலை கோயில்பிள்ளையின் பொறுப்பு என்று கமிட்டிப் புத்தகத்தில் எழுதியாகிவிட்டது.

மேற்கு வாசல் கதவின் அடிச்சட்டத்தில் கரையான் மண் ஏறியிருக்கிறது. தைக்குப் பிறகு அதைக் கழற்ற வேண்டும். ஆசாரியாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.